முதல் கிராபிக்ஸ் டெப்லட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கிராபிக்ஸ் டெப்லட் என்பது கணினியோடு இணைக்கும் ஒரு தட்டையான பலகை. அதன் மேல் பேனாவால் வரைந்தால் கோடு திரையில் விழும்.

முதலில் அளவைப் பாருங்கள். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் அம்புக்குறி நகராது. பேனா அப்படியில்லை, பலகையின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஓர் இடம் உண்டு. மட்டக்களப்பு வரைபடத்தில் கல்லடிப் பாலத்தைத் தொட்டுக் காட்டுவது போலத்தான்: வரைபடம் சின்னதென்றால் விரல் கொஞ்சம் விலகினாலும் வாவிக்குள் போய்விடும். பெரிய திரைக்குச் சிறிய பலகை வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரிவது அதனால்தான். லேப்டொப்புக்கு 10க்கு 6 அங்குலம் தாராளம்.

பேனா மின்கலம் தேவைப்படாத வகையாக இருந்தால் நல்லது. சார்ஜ் ஏற்றும் தொல்லை இல்லை. அப்புறம், நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை பலகையில் ஒட்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கை வழுக்கிக்கொண்டு போகும்.

அழுத்த நிலை என்பது பேனாவை அழுத்தும் அளவைப் பலகை எத்தனை படிகளாகப் பிரித்து உணர்கிறது என்ற எண். அது 8192 என்றால் 2048ஐவிட நாலு மடங்கு நன்றாக வரையலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வித்தியாசம் கைக்குப் பெரிதாகத் தெரியாது, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பதுதான் தெரியும்.