சிறிய ஊரில் டிராக்டர் டீலர்ஷிப் எடுக்கலாமா? வாங்க வருபவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

இதே கேள்விக்கு ஒருவர், "வண்டிக்கு 1 லட்சம் லாபம் நிற்கும், வாங்குறவனுக்கு எச்.பி.யும் விலையும் சொன்னால் போதும்" என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். வண்டிக்கு 1 லட்சம் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "வாங்குறவன்" என்று ஒருமையில் எழுதியதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் சாப்பாடு அவர்களிடமிருந்துதான் வருகிறது.

மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில் ஒரு சின்ன ஊரில் 2013 முதல் டிராக்டர் விற்கிறேன். சப் டீலர்தான், மெயின் டீலரிடம் வண்டி எடுத்து விற்பவன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்பார்கள், இல்லையென்றால் கம்பெனியிலிருந்து போன் வரும்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள், ஊரில் மெயின் ரோட்டில் அப்பாவுடைய இடம் ஒன்று இருக்கிறது, அதில் ஷெட் போட்டு நாலு வண்டி நிறுத்தினால் வியாபாரம் ஓடும் என்று நினைக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் பணம். தள்ளுபடி, ஆயில் இலவசம், பதிவுச் செலவில் ஒரு பங்கு எல்லாம் கொடுத்து முடித்தால், சப் டீலரான எனக்கு ஒரு புது வண்டியில் 10,000 முதல் 15,000 வரை நிற்கும். நல்ல வருஷத்தில் 40 வண்டி விற்றிருக்கிறேன். 2016-17 வறட்சியில் வருஷம் முழுக்க 11. ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை), கலப்பை, டிரெய்லர், ஸ்பேர், ஆயில் இவற்றில் வருவதுதான் கடை வாடகையையும் சம்பளத்தையும் தாங்குகிறது. அப்புறம் எக்ஸ்சேஞ்ச். பழைய வண்டியை எடுத்துக்கொள்ளாமல் இன்று புது வண்டி விற்க முடியாது. எடுத்த பழைய வண்டி ஆறு மாதம் ஷெட்டில் நின்றால் அதற்கான வட்டியை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். எனக்கு இந்தத் தொழிலில் அதிகம் நஷ்டம் வந்தது பழைய வண்டிகளில்தான். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டரை நம்பி இரண்டு வண்டி எடுத்து ஏமாந்தேன். இப்போது இன்ஜின் மூச்சு விடும் குழாயான பிரீதரில் புகை தள்ளுகிறதா என்று பார்ப்பேன். ஹைட்ராலிக்கில் ரோட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை நிறுத்தி, எவ்வளவு நேரத்தில் தானாக இறங்குகிறது என்று பார்ப்பேன். ஆர்.சி. புக்கில் பழைய கடன் நீக்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பது.

மழையும் மேட்டூரும் உங்கள் கையில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்க வேண்டிய அணை ஜூலை 28-க்குத்தான் திறந்தது. அந்த ஜூன், ஜூலையில் கடைக்கு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். 2025-ல் வேறு மாதிரி. ஜி.எஸ்.டி. குறையப் போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பேச்சு வந்ததும் புக்கிங் செய்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் 22-ல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்கு நடுவில் ஐந்து வாரம் ஒரு வண்டிகூடப் போகவில்லை, ஸ்டாக்கில் இருந்த வண்டிக்கு வட்டி மட்டும் ஓடியது. வரியைக் குறைத்தது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த ஐந்து வாரத்தைத் தாங்க உங்களிடம் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, வாங்குபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? இதை நான் ஒருவரிடம் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2017 செப்டம்பர். வறட்சி முடிந்து கொஞ்சம் நம்பிக்கை வந்த நேரம். அரையாண்டு டார்கெட்டுக்கு எனக்கு இரண்டு வண்டி குறைந்தது. பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். சொந்தம் 4 ஏக்கர், குத்தகை 6 ஏக்கர், எல்லாம் நல்ல களிமண். அவர் கேட்டது 40 எச்.பி.க்குள் ஒரு வண்டி. என்னிடம் ஸ்டாக்கில் இருந்தது 50 எச்.பி., டூ வீல் டிரைவ், எடை 2,000 கிலோவுக்கு மேல். "பெரிய வண்டியாக இருந்தால் வாடகைக்கும் ஓட்டலாம் ஐயா, டிரெய்லரும் இழுக்கும்" என்று சொல்லி அதை எடுக்க வைத்தேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த வண்டி மேட்டு நிலத்தில் அருமையாக உழும், கரும்பு லோடு இழுக்கும். ஆனால் அவர் வயல் எது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன். ஆயுத பூஜை அன்று மாலை போட்டு டெலிவரி கொடுத்தேன்.

அக்டோபர் 2-ல் மேட்டூர் திறந்து, எங்கள் பக்கம் தண்ணீர் வந்து, தீபாவளியும் முடிந்தது. பெரியவர் போர்வெல் தண்ணீரில் நாற்று விட்டு வைத்திருந்தார். சேறு அடிக்க வண்டியை இறக்கிய இரண்டாவது நாள் சாயங்காலம், வயல் நடுவில் பின் சக்கரம் அச்சு வரை உள்ளே போய்விட்டது. எடுக்கிறேன் என்று ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. எனக்கு ராத்திரி 9 மணிக்குப் போன் வந்தது. எங்கள் மெக்கானிக் வேதாரண்யம் பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தார். மெயின் டீலரின் சர்வீஸ் ஆளுக்குப் போன் அடித்தால், "காலையில் பார்க்கலாம் சார்." காலையில் வேறு ஒருவர் வண்டியில் சங்கிலி போட்டு இழுத்து எடுத்தார்கள். ஆனால் ராத்திரி முழுக்க உள்ளே நின்றதில் ஆக்சில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்து, ஆயில் மோர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. சீல் வர மூன்று நாள் ஆனது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலம். அவர் முறை போய்விட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

அவர் கடைக்கு வந்து சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். வந்தார், சத்தம் போடவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, என் வயல நீ பாத்திருக்க. பாத்துட்டும் இத குடுத்த" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறுவடை முடிந்ததும் அந்த வண்டியைப் பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடும் ஒருவருக்கு நானே விற்றுக் கொடுத்தேன். கமிஷன் எடுக்கவில்லை, அதற்கு மேலும் 40,000 கையிலிருந்து போட்டேன். பெரியவர் எடை குறைந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வேறு கடையில் எடுத்துக்கொண்டார். அந்தக் கிராமத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு வருஷம் என் கடைப் படியை யாரும் மிதிக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, டீலர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று எழுத வருவீர்கள். எழுதுங்கள். நான் செய்தது தவறு என்று நானே சொல்கிறேன். டார்கெட் நெருக்கினால் யாராக இருந்தாலும் கை தடுமாறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அது சமாதானம் இல்லை. நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் உங்களுக்கும் அந்த நாள் வரும்.

அதன் பிறகு நான் மாற்றியது இரண்டு. யார் வந்தாலும் "எத்தனை எச்.பி. வேணும்" என்று கேட்பதை விட்டேன். வயலைப் போய்ப் பார்க்கிறேன். டெல்டா களியில் எடை குறைவும், சேற்றில் தாங்கும் சீலும், கேஜ்வீல் (சேற்றில் புதையாமல் இருக்கப் போடும் இரும்புச் சக்கரம்) போட வசதியும்தான் முக்கியம். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் திரும்ப வேண்டும், அங்கே வண்டி குட்டையாக, ஒடுக்கமாக இருக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர்க் கரிசலில் இழுவை வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்ஜின் எச்.பி.யைவிட பி.டி.ஓ.வில், அதாவது கருவியைச் சுற்ற வைக்கும் பின்பக்கத் தண்டில், எவ்வளவு சக்தி வருகிறது என்பதுதான் கணக்கு. பேப்பரில் 45 போட்டிருக்கும் இரண்டு வண்டியில் ஒன்று 5 அடி ரோட்டவேட்டரைச் சுலபமாகச் சுற்றும், இன்னொன்று திணறும்.

இரண்டாவது, மெக்கானிக். என்னிடம் வேலை பார்த்த அண்ணனுக்குச் சம்பளத்தை ஏற்றி, பைக் வாங்கிக் கொடுத்து, சேற்றுழவு நடக்கும் மாதங்களில் எங்கள் 20 கிலோமீட்டரைத் தாண்டி எந்த வேலைக்கும் போகக்கூடாது என்று பேசி வைத்தேன். சீல், ஃபில்டர், கிளட்ச் பிளேட், பெல்ட் எல்லாம் கடையில் எப்போதும் இருக்கும். கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய் ஸ்பேராகவே அலமாரியில் தூங்குகிறது. என் மைத்துனர் இதை முட்டாள்தனம் என்கிறார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், ஒரே ராத்திரியில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மரத்தை இழுத்துப் பாதையைத் திறக்க டிராக்டர் வேண்டும், டிராக்டரோ பாதி கொட்டகைக்கு அடியில். நானும் மெக்கானிக் அண்ணனும் ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு 16 நாள் கிராமம் கிராமமாகப் போனோம். சிவப்பு, நீலம், பச்சை என்று கம்பெனி பார்க்கவில்லை. ஸ்பேருக்கு மட்டும் காசு, அதுவும் இருந்தவர்களிடம். பெரியவர் வீட்டுக்கும் போனோம். மாட்டுக் கொட்டகை விழுந்து அவருடைய புது வண்டியின் பானெட்டும் ஸ்டீயரிங்கும் நசுங்கியிருந்தன. என் கம்பெனி வண்டி இல்லை. அண்ணன் மதியத்துக்குள் ஓட வைத்துவிட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. சோறு போட்டார்கள், அந்த நிலைமையிலும்.

இன்று வரைக்கும் அவர் என்னிடம் வண்டி எடுக்கவில்லை. ஆனால் ஆயிலும் ஃபில்டரும் என் கடையில்தான் வாங்குகிறார். அவர் சொல்லி வந்து வண்டி எடுத்தவர்கள் இதுவரை ஏழு பேர்.

அந்த ஏழு பேரும், பொதுவாக எங்கள் பக்கம் வருபவர்களும், முதலில் கேட்பது "ராத்திரி நின்னா யாரு வருவா?" அடுத்தது, பக்கத்து வயல்காரர் என்ன வண்டி வைத்திருக்கிறார் என்பது. அதே வண்டியாக இருந்தால் ஸ்பேர் மாற்றிக்கொள்ளலாம், ஓட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார். மூன்றாவது, ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) டீசல் எவ்வளவு. நாலாவது, ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும். விலைப் பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான் வரும். கடுமையாகத்தான் வரும்.

வாடகைக்கு ஓட்டுபவர்கள் டிரைவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். டிரைவர் பேசமாட்டார். ஏறி உட்கார்ந்து, கிளட்சை நாலு முறை அமுக்கி, கியர் பக்கவாட்டில் இருக்கிறதா, கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். இறங்கும்போது அவர் முகம் சரியில்லை என்றால் வியாபாரம் முடிந்தது. நாளைக்குப் பத்து மணி நேரம் அதில் உட்காரப் போவது அவர். அவருக்கு முதலில் டீ கொடுங்கள்.

வீட்டு அம்மா வந்தால் இன்னும் கவனமாகப் பேசுங்கள். முன்பணம் பெரும்பாலும் அவர்கள் நகையிலிருந்து வருகிறது. அவர்கள் கேட்பது ஒன்றுதான், தவணை எந்த மாதம்? சம்பா நெல் கைக்கு வருவது தை, மாசியில். மார்கழியில் தவணை விழுகிற மாதிரி பேப்பர் போட்டுவிட்டால் அந்த வீட்டில் நிம்மதி போய்விடும். ஃபைனான்ஸ்காரர் அவர் வசதிக்குத் தேதி போடுவார், நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து மாற்ற வைக்க வேண்டும்.

கடன் என்றதும் ஒரு வருத்தம். எங்கள் பக்கம் கோயில், மடத்து நிலத்தைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் செய்பவர்கள் நிறைய. 10 ஏக்கர் பயிர் செய்வார்கள், பெயரில் பட்டா இருக்காது. வங்கியில் சிட்டா கேட்பார்கள், இவர்களால் கொடுக்க முடியாது. கடைசியில் தனியார் ஃபைனான்ஸில் கூடுதல் வட்டிக்கு எடுக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கு அதிக வட்டி என்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் மெயின் ரோட்டில் கடை வைக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நன்கொடை ரசீது. கபடிப் போட்டி, திருவிழா, கொடியேற்று, பொதுக்கூட்டம். மாதம் இரண்டு புத்தகமாவது வரும். தொகையை அவர்களே எழுதிக் கிழித்து மேசையில் வைப்பார்கள், 5,000 என்று. ஷோரூமில் 8 லட்சம் ரூபாய் வண்டி நிற்கிறது, இவனிடம் இல்லாததா என்று நினைப்பு. அந்த வண்டி என்னுடையது இல்லை, வட்டிக்கு நிற்கிறது என்று எத்தனை முறைதான் சொல்வது? கொடுக்காத வருஷம் என் போர்டு லைட்டை உடைத்தார்கள். கோயிலுக்குக் கொடுப்பதில் எனக்கு மனத்தடையே இல்லை. எவ்வளவு என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொன்னதெல்லாம் காவிரிக் கடைமடையில் ஒரு சின்னக் கடைக்காரனின் அனுபவம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் கணக்கு வேறாக இருக்கலாம், பெரிய டீலர்களுக்கு வேறாகவே இருக்கும். அவர்கள் எழுதினால் நானும் படிப்பேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், ஷெட்டுக்குக் கொத்தனாரைப் பார்ப்பதற்கு முன் மெக்கானிக்கைப் பாருங்கள். உங்கள் ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் சேற்றில் இறங்கி வேலை பார்க்கத் தெரிந்த ஆள் யார், அவருக்கு இப்போது என்ன சம்பளம், உங்களிடம் வருவாரா என்று விசாரியுங்கள். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தை வாடகைக்கு விட்டுவிடுங்கள்.