முன் சைட்டுக்குப் பெயின்ட்: கேள்வி பதில்

கேள்வி: வயது 47. ரிவால்வரின் கறுப்பு முன் சைட் (குழல் நுனியில் குறி பார்க்க இருக்கும் மேடு), கறுப்பு இலக்கில் கரைந்துவிடுகிறது. பெயின்ட் அடித்தால் தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். 40 தாண்டினால் முன் சைட் இருக்கும், கை நீட்டும் தூரமே மங்கத் தொடங்கும். நிறம் சைட்டைச் சட்டென்று காட்டிக்கொடுக்கும், அந்த மங்கலைப் போக்காது. கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தை அளந்து சொல்லிக் கண்ணாடி கேளுங்கள்.

கேள்வி: எந்த நிறம் நல்லது?

பதில்: பகலில் நம் கண்ணுக்கு மிகப் பளிச்சென்று படுவது மஞ்சள் கலந்த பச்சை. ஒளிரும் ஆரஞ்சும் நன்றாக எடுக்கும். அடர் சிவப்பு வேண்டாம், வெளிச்சம் குறைந்ததும் கறுத்துவிடும். பின் சைட் கறுப்பாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஆரஞ்சு நெயில் பாலிஷ் தடவினேன். மங்கலாகவே இருந்தது, ஒரே மாதத்தில் உரிந்தும் போனது.

பதில்: அடியில் வெள்ளை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் போகவில்லை. பலரும் தவறுவது இங்கேதான்.

முதலில் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரில் தோட்டா போடும் எல்லாத் துளைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால், துணியில் கறை வராத வரை சைட்டைத் துடையுங்கள். குழல் தரையைப் பார்க்கும்படி துப்பாக்கியை நிறுத்தினால் சைட்டின் முகம் மேலே திரும்பும். பெயின்ட் வழியாமல் தானே சமமாகப் படியும். பல் குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி வெள்ளை எடுத்து நடுவில் வைத்து, ஓரம் வரை மெதுவாக இழுங்கள். மேல் விளிம்பில் ஏறினால் உடனே துடையுங்கள். குறி பார்ப்பது அந்த விளிம்பை வைத்துத்தான். அது மொழுக்கென்று ஆனால் வேலையே வீண். வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகு ஒளிரும் நிறம், மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒளிரும் பெயின்ட் ஒளி ஊடுருவக்கூடியது, அடியில் கறுப்பு இருந்தால் செத்துப்போகும்.

கேள்வி: டிரிடியம் சைட்டிலும் (சின்னக் குப்பியில் அடைத்த வாயுவால் இருட்டில் தானே ஒளிர்வது) இப்படிச் செய்யலாமா?

பதில்: நடுவிலுள்ள குப்பியைத் தொடாமல் சுற்றிலும் வளையமாக மட்டும். சுரண்டாதீர்கள், அசிட்டோன் ஊற்றாதீர்கள். டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டு, பழைய சைட் மங்கியிருப்பது இயல்பு.

கேள்வி: புல்ஸ்ஐ (வட்ட இலக்கின் நடுவைக் குறிவைத்துச் சுடும்) போட்டிக்கும் பெயின்ட் உதவுமா?

பதில்: அங்கே வேண்டாம். பக்கவாட்டில் வெயில் பட்டால் பளபளப்பான ஓரம் பெரிதாகத் தெரிந்து குறி நகரும். அதனால்தான் பழைய போட்டியாளர்கள் கார்பைடு விளக்கின் புகையைக் காட்டி சைட்டைக் கரியாக்கிக்கொள்வார்கள்.