ஜெயித்த மேட்சை மட்டும்தான் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம்

கேள்வி: என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு முறை கரு தங்காமல் போய், இப்போது ஏழாம் மாதம். அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை, கோவையிலேயே இருக்கிறாள். போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் மாமியாரோ, “ரங்கன் பார்த்துப்பான், நீ போய்ப் படு” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குக் கிரிக்கெட் பைத்தியம் உண்டு. ஆனால் டென்ஷனான மேட்சை லைவாகப் பார்க்க முடியாது. 2024 டி20 உலகக் கோப்பை ஃபைனலில் கிளாசன் வெளுக்க ஆரம்பித்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். நான் பார்ப்பதால்தான் சிக்ஸர் போகிறது என்று ஒரு எண்ணம். ஜெயித்த பிறகு அதே ஓவர்களை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன், துளிகூடப் பதறவில்லை. மாமியார் வாழ்க்கையையே இப்படி ஹைலைட்ஸ் பார்ப்பதுபோல் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறேன். ஐந்தாறு கோயில்களுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் வெளியூர் போனதில் ஒரு வெள்ளி விட்டுப்போனது. அன்றிலிருந்து சரியான தூக்கமே இல்லை. என் நம்பிக்கையில் குறையா? இன்னொரு வேண்டுதல் வைக்கட்டுமா?
- பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: இன்னொரு வேண்டுதல் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் அடுக்களைக்கு ஓடிய அந்த மேட்சுக்கு வருவோம்.

2024 ஜூன் 29, பார்படாஸ். இந்தியா 176. துரத்திய தென்னாப்பிரிக்காவுக்கு கிளாசன் அக்ஸர் படேலின் ஒரே ஓவரில் 24 ரன் எடுத்துக் கொடுத்தார். இனி 30 பந்தில் 30 ரன் எடுத்தால் போதும், கையில் ஆறு விக்கெட். லைவாகப் பார்த்த எல்லோருக்கும் அங்கேயே மேட்ச் முடிந்துவிட்டது. இப்போது அதே ஓவரைப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஆகிறது? கிளாசன் அடிக்கிற சிக்ஸரை “அடடா, என்ன ஷாட்!” என்று ரசிக்கக்கூட முடிகிறது. அடுத்து பும்ரா வருவார், பாண்டியாவின் பந்தில் கிளாசன் கீப்பரிடம் கேட்ச் கொடுப்பார், கடைசி ஓவரின் முதல் பந்தில் சூர்யகுமார் பந்தைப் பிடித்து, மேலே போட்டுவிட்டு, எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போய்த் திரும்ப வந்து பிடிப்பார். ஏழு ரன்னில் வெற்றி. எல்லாம் தெரியும். அதனால் பயம் இல்லை. இதுவரை உங்கள் கணக்கு சரிதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2023 நவம்பர் 19, அகமதாபாத்தில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பை ஃபைனலை எத்தனை தடவை போட்டுப் பார்த்தீர்கள்? அதற்கும்தான் முடிவு தெரியும். டிராவிஸ் ஹெட் 137 அடிப்பார், ஆஸ்திரேலியா ஆறு விக்கெட்டில் ஜெயிக்கும். தெரிந்த முடிவுதான் நிம்மதி தரும் என்றால் அதையும் காபி குடித்துக்கொண்டே பார்க்கலாமே. யாரும் பார்ப்பதில்லை. நாம் ஜெயித்த மேட்சை மட்டும்தான் திரும்பப் போடுகிறோம். அப்புறம் இன்னொன்று: அந்த பார்படாஸ் ராத்திரியில் தென்னாப்பிரிக்காவிலும் பிரார்த்தனை செய்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் நம்பிக்கை உங்களுடையதைவிட மட்டம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

ஆகவே “ரங்கன் பார்த்துப்பான்” என்கிற உங்கள் மாமியார், பிரசவத்தின் ஸ்கோரை முன்கூட்டியே தெரிந்துகொண்டு தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கும் அது தெரியாது. ஸ்ரீரங்கத்தில் இருக்கிற உங்களுக்குச் சரணாகதியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் நாம் அடிக்கடி மறந்துபோகிற ஒரு இடத்தைச் சொல்கிறேன். பெருமாளிடம் தன்னை ஒப்படைத்தவனுக்கு முடிவு நிச்சயம் என்று வைணவம் சொல்கிறது. அதை நம்பும் மகாவிசுவாசம் சரணாகதியின் அங்கங்களில் ஒன்று. ஆனால் நிச்சயம் என்று சொல்லப்படுவது கடைசி முடிவு, மோட்சம். நடுவில் வரும் பிரசவம், பரீட்சை, ஆபரேஷன் எல்லாம் நாம் கேட்டபடியே நடக்கும் என்று ஆசாரியர்கள் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வானை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைவிடப் பெரிய நம்பிக்கை யாருக்கு இருந்திருக்கும்? ராமானுஜரைச் சோழ அரசவைக்கு அழைத்தபோது, ஆசாரியனின் காவியைத் தான் உடுத்திக்கொண்டு அவருக்குப் பதிலாகப் போனார். கண்களை இழந்து திரும்பினார். மேல்கோட்டையிலிருந்து வருஷங்கள் கழித்து ஸ்ரீரங்கம் வந்த ராமானுஜர், “காஞ்சி வரதனிடம் போய்க் கண்ணைக் கேள்” என்று அனுப்பினார். ஆழ்வான் போனார், பாடினார். என்ன வரம் வேண்டும் என்று வரதன் கேட்டபோது, தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தான் போகிற அதே கதி கிடைக்க வேண்டும் என்று கேட்டாராம். குருபரம்பரைக் கதைகளில் என்னை மிகவும் அசைத்தது இதுதான். கண் வரும் என்ற உத்தரவாதத்தில் வந்த அமைதி இல்லை அது. கண் போனாலும் தன்னைப் பிடித்திருக்கும் கை விடாது என்பதில் வந்தது.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், “குழந்தை நல்லபடியாகப் பிறந்தே தீரும், நம்பு” என்று உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். படித்துவிட்டு இரண்டு நாள் நிம்மதியாகவும் இருப்பீர்கள். மூன்றாம் நாள் மகள் “இடுப்பு வலிக்குதும்மா” என்றால் அந்த நம்பிக்கை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதோடு, ஏதாவது நடந்தால் நான் சரியாக நம்பவில்லை என்ற பழியும் உங்கள் தலையிலேயே விழும். மருத்துவம் சொல்லக்கூடிய ஆறுதலை மட்டும் சொல்கிறேன்: இரண்டு முறை கரு கலைந்த பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள்தான் அதிகம். உங்கள் மகள் ஏழாம் மாதம் வரை வந்துவிட்டாள். இது சின்ன விஷயம் இல்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமை. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது அதைத்தான். நான் பார்ப்பதால் சிக்ஸர் போகிறது என்று அடுக்களைக்கு ஓடினீர்கள். நான் விளக்கேற்றாததால் மகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று விழித்துக் கிடக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். கோடிப்பேர் வீட்டில் ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு, ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து மேட்ச் பார்க்கிறார்கள். விளையாட்டில் இது வேடிக்கை. ஒரு தாய் தன் மகளின் கர்ப்பத்தை இப்படிச் சுமக்க ஆரம்பித்தால் முதுகு ஒடிந்துவிடும். ஒப்படைப்பதற்காக ஏற்றுகிற விளக்கு, உங்களுக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றி முடிவைத் தாங்கிப் பிடிக்கிற டியூட்டியாகிவிட்டது. நம்பிக்கை குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி தூக்கித் தூக்கிப் பார்க்கிறீர்கள்.

இன்னொரு வேண்டுதல் வேண்டாம் என்றது இதனால்தான். இதற்குப் பெரியவர்கள் சொல்லும் உதாரணம் உங்கள் மாமியாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். இலங்கையில் அனுமனை இந்திரஜித் பிரம்மாஸ்திரத்தால் கட்டினான். அது போதாதோ என்று சந்தேகப்பட்ட அரக்கர்கள் மேலே கயிற்றைச் சுற்றினார்கள். கயிறு பட்டதும் அஸ்திரம் தானே நழுவிவிட்டது. ஏற்கெனவே ஐந்தாறு கோயில் வேண்டுதல் வைத்திருக்கிறீர்கள். ஏழாவதாக ஒரு கயிறு எதற்கு? வைத்ததை நல்லபடியாக நிறைவேற்றுங்கள், மகள் தேறிய பிறகு, நிதானமாக.

சரி, முடிவும் தெரியாது, வேண்டுதலும் கூடாது என்றால் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்பவும் பார்படாஸ்தான். அன்று களத்தில் இருந்த பதினொரு பேருக்கும் முடிவு தெரியாது. ஹைலைட்ஸ் பார்க்கிற வசதி அவர்களுக்கு இல்லை. ஆனாலும் பதினெட்டாவது ஓவரை வீசிய பும்ரா இரண்டே ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் எடுத்தார். கோப்பை நமக்குத்தான் என்று அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கையில் ஒரு பந்து இருந்தது, அதைப் போட்டார். வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கையில் எதுவும் இல்லை, நகத்தைக் கடித்தார்கள்.

உங்கள் கையிலும் இப்போது எதுவும் இல்லை. தாய் வீட்டுக்கு வந்திருந்தால் ரசம் வைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டு, பக்கத்திலேயே படுத்திருப்பீர்கள். அது நடக்கவில்லை, அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான் உங்களைத் தின்கிறது. அதனால் கோவைக்குக் கிளம்புங்கள். மகள் வரக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார்? நீங்கள் போகலாம். ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள், ஒன்பதாம் மாதம் மறுபடி போங்கள். போனதும் ஒரு செக்கப்புக்கு மகளோடு போய், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் அசைவு குறைவது, ரத்தம் படுவது, நீர் கசிவது, விடாத தலைவலி, கண் மங்குவது இவற்றுக்கெல்லாம் நல்ல நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். ராத்திரியில் யார் வண்டி எடுப்பது, ரத்தம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது, இதை மாப்பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். 108 எண்ணை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். ஒரு பெரிய பை எடுத்து ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பழைய பருத்திப் புடவை, ஃபைல், துண்டு எல்லாம் அடுக்கி வைத்துவிட்டால் உங்களுக்கே பாதி பதற்றம் இறங்கிவிடும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. ஒவ்வொரு தடவையும் “ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால், அந்தப் பெண்ணுக்கு ஏதோ இருக்க வேண்டும்போல என்று தோன்றிவிடும். அவளும் பயந்துதான் இருக்கிறாள். அம்மா பயந்துவிடக் கூடாதே என்று மறைத்துக்கொண்டிருப்பாள். சாயங்காலம் ஒரு தடவை கூப்பிடுங்கள். சாப்பாடு, சீரியல், பக்கத்து வீட்டுச் சண்டை, எதையாவது பேசுங்கள்.

தூக்கம் மட்டும் இன்னும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கான இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். சாமி கும்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மாமியாரோடு ஒருநாள் மத்தியானம் உட்காருங்கள். அவர் காலத்துப் பிரசவங்களைப் பற்றிக் கேளுங்கள்: வீட்டிலேயே நடந்ததா, யாரையாவது பறிகொடுத்தாரா, அன்றைக்கு ராத்திரி தூங்கினாரா என்று. அவர் எப்போதுமே இப்படித்தான் நிம்மதியாக இருந்தார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன். விட்டுப்போன அந்த வெள்ளிக்குப் பரிகாரம் எதுவும் தேவையில்லை. கோவையில் இருக்கிற நாட்களில் விளக்கை மாமியாரே ஏற்றிக்கொள்வார்.