காலிப் பெட்டியும் பூஜ்ஜியமும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் ஓர் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. கோடை விடுமுறையில் ஜாவாஸ்கிரிப்ட் கற்கத் தொடங்கினேன். எக்செல் இருக்கிறதுதான், இருந்தாலும் ஆசைக்கு எங்கள் வகுப்பு மதிப்பெண்களைப் போட நானே ஒரு பக்கம் எழுதினேன். 38 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி, தமிழ், ஆங்கிலம், கணிதம் என்று மூன்று பெட்டிகள். கடைசியில் மொத்தம், சராசரி, ரேங்க்.

முதல் வரியில் 78, 56, 64 போட்டேன். மொத்தம் 0785664 என்று வந்தது, சராசரி 261888. தேடிப் பார்த்து, எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட் சேர்த்ததும் சரியானது. அப்புறம் ரேங்க். 260 எடுத்த பெண்ணைத் தாண்டி 87 எடுத்த பையன் முதல் இடத்தில் நின்றான். அதையும் எப்படியோ சரிசெய்தேன். இப்போது மதிப்பெண்கள் ஒழுங்காக இறங்குகின்றன, பக்கத்தில் இருக்கும் பெயர்கள்தான் வேறு யாருடையதோ. ஆங்கிலத் தேர்வுக்கு வராத பெண்ணின் பெட்டியைக் காலியாக விட்டால் மொத்தத்தில் என்ஏஎன் ('எண் அல்ல') என்று வருகிறது. அதற்கு பதில் 0 வரும்படி செய்தால், வராத பெண்ணும் உண்மையிலேயே 0 வாங்கிய பையனும் ஒன்றாகிவிடுகிறார்கள். மறுதேர்வு எழுதிய ஒரே ஒரு மாணவிக்காக அதே பக்கத்தை ஒற்றை வரியோடு திறந்தால் ஒன்றுமே நடக்கவில்லை, பிழை என்றுகூடச் சொல்லவில்லை.

பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் கலாவுக்கு முன்னால் கனகா வருகிறாள். நிரலை இணைத்திருக்கிறேன். இந்த மொழியே இப்படித்தானா? பைத்தானுக்குப் போய்விடட்டுமா?

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை
(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் பைத்தான். அங்கேயும் இன்புட் என்று கேட்டு வாங்குவது எழுத்துச் சரம்தான், அதாவது ஸ்ட்ரிங். 78ஐத் தட்டினால் ஏழு என்ற குறியும் எட்டு என்ற குறியும் அடுத்தடுத்து நிற்கும், அவ்வளவுதான். ஒரே வித்தியாசம், பூஜ்ஜியத்தோடு அதைக் கூட்டச் சொன்னால் பைத்தான் முடியாது என்று அங்கேயே நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் நிற்காது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்பில் பத்து நாளில் எழுதி முடித்த மொழி இது. எதைக் கொடுத்தாலும் எப்படியாவது சமாளித்து ஒரு விடையைத் தந்துவிடும், விருந்தாளி வந்த வீட்டில் குழம்பில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

உங்கள் 0785664இல் எனக்குப் பிடித்தது முன்னால் இருக்கும் அந்த 0. மொத்தத்தை 0 என்று தொடங்கியிருக்கிறீர்கள், அது எண். அதோடு பெட்டியிலிருந்து வந்த 78ஐக் கூட்டினீர்கள், அது எழுத்து. கூட்டல் குறியின் இரண்டு பக்கத்தில் ஒன்று எழுத்தாக இருந்தாலும் போதும், ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டத் தொடங்கிவிடும். ஆனால் வகுத்தல் குறிக்கு ஒட்டத் தெரியாது. அதனால் சராசரி போடும்போது அதே 0785664ஐ எண்ணாக மாற்றி மூன்றால் வகுத்து 261888 என்று கொடுத்திருக்கிறது. மீதியில்லாமல் வேறு வகுபட்டிருக்கிறது பாருங்கள்! பெட்டியின் வகையை நம்பர் என்று வைத்தால் தீரும் என்று நினைக்க வேண்டாம். அப்போதும் வேல்யூ என்று கேட்டால் எழுத்துதான் வரும். வேல்யூஆஸ்நம்பர் என்று கேட்டால்தான் எண்.

பார்ஸ்இன்ட் போட்டதும் சரியானது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவில்லை. உங்கள் வகுப்பில் இந்தமுறை யாருக்கும் அரை மதிப்பெண் விழவில்லை, அவ்வளவுதான். 42.5ஐ அது 42 என்று வெட்டிவிடும். 40க்கு பதில் கை தவறி 4க்குப் பக்கத்தில் ஓ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால், புரிந்த வரைக்கும் படித்துவிட்டு 4 என்று தரும். நாற்பது எடுத்த பிள்ளை நாலுக்கு இறங்கியது யாருக்கும் தெரியாது. மதிப்பெண், பணம் மாதிரி விஷயங்களுக்கு நான் நம்பர் என்ற செயல்பாட்டையே பயன்படுத்துவேன். முழுச் சரமும் எண்ணாக இருந்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் என்ஏஎன். (எங்கள் பழைய குழுவில் அந்த மூன்று ஆங்கில எழுத்தையும் சேர்த்து 'நான்' என்றே படிப்போம். "மொத்தம் எவ்வளவுப்பா?" "நான்." அந்த நகைச்சுவை பத்து வருடம் ஓடியது.)

பார்ஸ்இன்ட் மேல் எனக்கு ஒரு பழைய கோபமும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்குத் தேதி உள்ளிடும் பக்கம் எழுதிக் கொடுத்தேன். மாதத்தை இரண்டு இலக்கத்தில் போட வேண்டும். ஜனவரி முதல் ஜூலை வரை ஒரு குறையும் இல்லை. ஆகஸ்ட் 1 காலையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து பிரவுசர்கள் 0வில் தொடங்கும் சரத்தை எட்டடிமான எண்ணாக, அதாவது 0 முதல் 7 வரை எட்டே இலக்கம் கொண்ட முறையில் எழுதிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது, ஆகவே 08 என்றால் 0. நான் காரணத்தைப் பிடிப்பதற்குள் செப்டம்பரும் வந்துவிட்டது. 09க்கும் அதே கதி. திருத்தாமல் விட்டிருந்தால் அக்டோபரில் தானாகவே குணமாகியிருக்கும், 10க்கு முன்னால் 0 இல்லையே! 2009இல் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தர வரையறையின் ஐந்தாம் பதிப்பில் மொழியின் விதியையே மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் பார்ஸ்இன்ட்டுக்கு இரண்டாவது உள்ளீடாக 10 என்று அடிமானத்தைச் சேர்த்து எழுதாமல் என் கை நகராது.

இனி அந்த வராத பெண். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். மற்றவையெல்லாம் மொழியின் குணம். இது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

காலிப் பெட்டியை பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் என்ஏஎன். நான் மேலே சிபாரிசு செய்த நம்பரிடம் கொடுத்தால் 0! வெறும் இடைவெளி தட்டியிருந்தாலும் 0தான். எண்ணில்லாததை எண்ணில்லை என்று சொல்லும் அந்தக் கறார் ஆசாமி, ஒன்றுமே இல்லாததை மட்டும் பூஜ்ஜியம் என்று ஏற்றுக்கொள்கிறது. எனவே எண்ணாக மாற்றுவதற்கு முன்பே டிரிம் செய்து, அதாவது இரு ஓரத்து இடைவெளிகளை நீக்கி, சரம் காலியா என்று தனியாகப் பார்த்துவிட வேண்டும். சரி, காலி என்று தெரிந்துவிட்டது. அதற்கு என்ன பொருள்? தேர்வுக்கு வரவில்லையா, அல்லது 27ஆவது வரிக்கு வரும்போது பெல் அடித்து நீங்கள் எழுந்து போய்விட்டீர்களா? காலிப் பெட்டிக்கு இது தெரியாது. உங்கள் மதிப்பெண் பதிவேட்டில் வராதவருக்கு ஏபி என்று எழுதுவீர்கள், இல்லையா? இன்னும் திருத்தாத தாளுக்கு இடத்தைச் சும்மா விடுவீர்கள். 0 என்றால் 0 என்று எழுதுவீர்கள். காகிதத்தில் மூன்று விஷயமாக இருந்ததை உங்கள் பக்கம் ஒன்றாக்கிவிட்டது.

பெட்டியிலேயே ஏபி என்று தட்ட விடலாம். ஆனால் போனில் எண் விசைப்பலகைதான் வசதி, அதில் எழுத்து வராது. நானாக இருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் 'வரவில்லை' என்று ஒரு செக்பாக்ஸ் வைப்பேன். அது டிக் ஆகியிருந்தால் வரவில்லை. டிக் இல்லாமல் பெட்டியும் காலி என்றால் சிவப்புக் கோடு போட்டு மொத்தத்தையே தரமாட்டேன். பெட்டியில் இருப்பது எண்ணாக இல்லாவிட்டாலும், 0க்குக் கீழே அல்லது 100க்கு மேலே போனாலும் அப்படியே. அப்புறம், வராததைக் குறிக்க நல் (ஒன்றுமில்லை) என்ற மதிப்பை வைத்தால் கவனம் வேண்டும். 78ஐயும் நல்லையும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 78 என்று கூசாமல் சொல்லும். மூன்றில் ஒன்று நல்லாக இருந்தாலும் மொத்தமும் நல் என்று நீங்களே எழுத வேண்டும்.

ஆனால் செக்பாக்ஸ் வைத்த கையோடு இன்னொரு குழியில் விழுவீர்கள், அதனால் இப்போதே சொல்கிறேன். உங்கள் நிரல் பெயர்களை ஓர் அரேயாக (வரிசைப் பட்டியலாக), தமிழ் மதிப்பெண்களை இன்னோர் அரேயாக என்று பத்தி பத்தியாக அள்ளுகிறது. ஐந்தாவது பெயருக்கு ஐந்தாவது மதிப்பெண் என்பது நம்பிக்கை. டிக் செய்யாத செக்பாக்ஸ் ஃபார்மோடு போகவே போகாது. ஃபார்மில் நிரப்பியதை அள்ளித் தரும் ஃபார்ம்டேட்டாவிடம் கெட்ஆல் என்று கேட்டால் 38 பெயர் வரும், இரண்டு பேர் வரவில்லை என்றால் 'வரவில்லை' அரேயில் இரண்டே இரண்டு இருக்கும். எந்த இரண்டு பேர்? தெரியாது. வராதவரின் மதிப்பெண் பெட்டியை டிஸேபிள் செய்தால், அதுவும் போகாது. மதிப்பெண் அரே 36 ஆகி, அவருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறி அடுத்தவர் மதிப்பெண்ணை வாங்கிக்கொள்வார்கள்.

உங்கள் பெயர்கள் மாறி நிற்பதற்கும் அடிப்படையில் இதுதான் காரணம். மொத்தங்களின் அரேயை மட்டும் சார்ட் செய்தீர்கள், அதாவது வரிசைப்படுத்தினீர்கள். அது இடம் மாறியது, பெயர்களின் அரே பழைய இடத்திலேயே இருந்தது. புளியமரத்தடியில் செருப்பை மட்டும் வரிசை மாற்றி வைத்த கதை.

ஆகவே பத்தியாகப் படிக்காமல் வரியாகப் படியுங்கள். அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் குவெரிசெலக்டர்ஆல் கொண்டு எடுத்து, அந்த வரிக்குள் இருக்கும் பெயர், மூன்று மதிப்பெண், மூன்று செக்பாக்ஸ் ஆகியவற்றை மட்டும் பார்த்து, எழுத்தை எண்ணாக்கும் வேலையை அங்கேயே முடித்து, ஒரு மாணவருக்கு ஓர் ஆப்ஜெக்ட், அதாவது எல்லாம் ஒன்றாகக் கட்டிய ஒரு பொட்டலம் செய்யுங்கள். செக்பாக்ஸிடம் வேல்யூ கேட்காதீர்கள், செக்டு என்று கேளுங்கள். ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஒவ்வொன்றையும் மாற்றிப் புதிய அரே தரும் மேப்பை வரிகளின் மேல் போடப் பார்த்தால் அப்படி ஒன்று இல்லை என்று திட்டும், ஏனென்றால் கிடைத்தது அரே இல்லை, நோட்லிஸ்ட். அதற்கு ஃபார்ஈச் உண்டு, மேப் கிடையாது. அரே.ஃப்ரம் கொண்டு அரேயாக்கிவிட்டு மேப் செய்யலாம். கடைசியில் உங்கள் கையில் 38 பேர் கொண்ட ஒரே அரே இருக்கும். அதற்குப் பிறகு மொத்தம், சராசரி, ரேங்க் எதற்காகவும் ஃபார்மைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. பெயரும் மதிப்பெண்ணும் ஓர் ஆளுக்குள் இருப்பதால் எத்தனை முறை சார்ட் செய்தாலும் சேர்ந்தே நகரும்.

87 எடுத்த பையன் முதல் ரேங்க் வாங்கியது சார்ட்டின் குணம். எப்படி ஒப்பிடுவது என்று சொல்லாவிட்டால், எண்களையே கொடுத்தாலும் அது எழுத்தாக மாற்றி அகராதி மாதிரி அடுக்கும். 198, 260, 87 என்பதுதான் அதற்கு ஏறுவரிசை. நீங்கள் ரிவர்ஸ் செய்ததும் பையன் மேலே வந்துவிட்டான். இரண்டு பேரை வாங்கி, இரண்டாமவர் மொத்தத்திலிருந்து முதலாமவர் மொத்தத்தைக் கழித்துத் தரும் சின்னச் செயல்பாட்டை சார்ட்டுக்குக் கொடுத்தால் இறங்குவரிசை தயார். மொத்தம் நல்லாக இருப்பவர்களை முன்பே ஃபில்டர் செய்து வெளியே எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு ரேங்க் கிடையாது, ஒரு கோடு போட்டால் போதும். சார்ட் இருக்கிற அரேயையே கலைத்து அடுக்கும் என்பதால், வருகைப் பதிவேட்டு வரிசை திரும்ப வேண்டுமென்றால் நகல் எடுத்து அடுக்குங்கள். டூசார்ட்டட் என்று 2023இல் வந்தது அதைத்தான் செய்கிறது. ஒரே மொத்தம் எடுத்தவர்களுக்கு ஒரே ரேங்க்கா என்பதை உங்கள் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுதேர்வு மாணவி கதை எனக்கும் நடந்திருக்கிறது. ஃபார்மின் எலிமெண்ட்ஸிடம் பெயரைச் சொல்லி ஒரு பெட்டியைக் கேட்கிறீர்கள். அந்தப் பெயரில் 38 பெட்டி இருந்தால் ஒரு பட்டியல் வரும். ஒன்றே ஒன்று இருந்தால் பட்டியல் வராது, அந்தப் பெட்டியே வரும். பெட்டியிடம் லெங்த் (எத்தனை) கேட்டால் அன்டிஃபைன்டு, அதாவது அப்படி ஒன்று இல்லை. 0 அதைவிடச் சிறியதா என்று லூப் கேட்கிறது, இல்லை என்று பதில். ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் மரியாதையாக முடிந்துவிடுகிறது. பிழையே இல்லை, அதனால் செய்தியும் இல்லை. குவெரிசெலக்டர்ஆல் ஒன்று இருந்தாலும், எதுவுமே இல்லாவிட்டாலும் பட்டியலாகத்தான் தரும். வரியாகப் படிக்கத் தொடங்கினாலே இது தீர்ந்துவிடும்.

கனகா விஷயம். சார்ட் பார்ப்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் இருக்கும் யூனிகோடு எண்ணை. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. நாம் படித்த நெடுங்கணக்கில் ன கடைசி. லோக்கேல்கம்பேர் என்ற செயல்பாட்டிடம் டி-ஏ என்ற தமிழ் மொழிக்குறியையும் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் கலா, கவிதா, கனகா என்று வரும்.

பெயர்ப் பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் (அதிகபட்ச நீளம்) 12 என்று வைத்திருப்பதையும் பார்த்தேன். கிருஷ்ணமூர்த்தி நம் கணக்கில் எட்டு எழுத்து. பிரவுசர் கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 15 என்று சொல்லும், பெயரைப் பாதியில் நிறுத்திவிடும். அதை 60 ஆக்கிவிடுங்கள்.

அன்புடன்.