தறி நிற்காமல் ஓடும்போது

டீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் தொடங்கும்போது, இந்த முறையாவது ஆண்டவருக்கு மனதில் இடம் ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓவர்டைம், வீட்டுச் சுத்தம், துணி எடுப்பது, பலகாரம், கரோல், கைப்பேசி என்று நான்கு வாரமும் போய்விடுகின்றன. நள்ளிரவுத் திருப்பலியில் குடிலில் பாலனை வைக்கும்போது என் மனம் அடுப்படியில் நிற்கிறது. கைப்பேசியை விட்டால் போதுமா? வேறு எதை விடுவது?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மணி, கைப்பேசியின் மேல் முழுப் பழியையும் போட்டுவிடாதீர்கள். அது வருவதற்கு முன்பும் எங்கள் வீட்டு டிசம்பர் இப்படித்தான் ஓடியது.

சோமனூர் பக்கம் அப்பாவுக்குத் தறிக்குடோன் இருந்தது. நான்கு விசைத்தறிகள். அந்தச் சத்தத்தில்தான் பாடம் படித்தேன்; செபமாலையும் சொன்னேன். எங்கள் பழைய தறிகளுக்கு ஒரு குணம் உண்டு. குறுக்கே ஓடும் நாடாவில் ஊடை நூல் தீர்ந்தால் தறி தானாகவே நின்றுவிடும். நீளவாக்கில் ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் நிற்காது. துணி வளர்ந்துகொண்டே போகும், அறுந்த இடத்தில் விழுந்த கோடும் கூடவே வளரும். அதனால் அப்பா தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார். யாரோடு பேசினாலும் கண் பாவின் மேல்தான். இழை அறுந்ததைக் கண்டால் தறியை நிறுத்திவிட்டு, நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து, அதன்பிறகுதான் ஓட்டுவார். கூலி மீட்டர் கணக்கு. தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அப்படியும் நிறுத்துவார். நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று செக்கிங்கில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செபம் அறுந்தாலும் வீடு நிற்பதில்லை. குக்கர் விசில் அடிக்கும், கம்பெனி பஸ் வரும், ஷிப்மென்ட் போகும். எல்லாம் சரியாக நடப்பதால்தான் அறுந்தது தெரிவதில்லை. லூக்கா நற்செய்தியில் பெத்லகேம் விடுதியில் இடமில்லை என்று படிக்கிறோமே, அங்கே இடத்தை நிறைத்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் பேரரசர் அகுஸ்துவின் கட்டளைப்படி பெயரைப் பதிவு செய்ய ஊருக்கு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். நியாயமான வேலையாக வந்த நியாயமான மனிதர்கள்.

எதை விடுவது என்று கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் வெட்கக்கேடானது. ஓய்வு பெற்றபின் திருவருகைக் காலம் முழுவதும் தினமும் காலையில் ஒரு விவிலிய வசனத்தைப் பூப்படத்தோடு பதினொரு வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரிய இறைப்பணி என்று நினைப்பு. அனுப்பிய பிறகு யார் பார்த்தார்கள், யார் கும்பிடு போட்டார்கள், நாத்தனார் ஏன் இன்னும் பார்க்கவில்லை என்று பத்து மணி வரை அதே வேலை. ஒருநாள் என் பேரன், "பாட்டி, இன்றைக்கு என்ன வசனம்?" என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இல்லை. நானே அனுப்பிய வசனம்!

அந்த ஆண்டு நான் விட்டது அதைத்தான். இப்போது இரவு எட்டு மணிக்குக் கைப்பேசி ராகி டின்னுக்குள் போய்விடும். (ஒருமுறை டின்னுக்குள்ளிருந்து அது அலற, எலி என்று நினைத்து வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.) உங்களுக்கு அது வேறாக இருக்கலாம். எதைச் செய்யாவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று பதறுகிறீர்களோ, அங்கிருந்து தேடிப் பாருங்கள். ஈரோடு கனி மார்க்கெட்டுக்குத் திங்கட்கிழமை இரவே போய் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுத்தே ஆக வேண்டுமா? சட்டையின் நிறம் பாலனுக்குத் தெரியாது.

ஆனால் கச்சாயம் சுடுவதை விடாதீர்கள். அக்கம்பக்கத்துக்குப் போகும் தட்டைக் கவனச்சிதறல் என்று எந்தச் சாமியார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலியான இடத்தில் உடனே நவநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து அடைக்கவும் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், அன்றைய திருப்பலியின் முதல் வாசகத்தில் ஒரு வரி போதும். இந்தக் காலத்தின் முன்பகுதியில் பெரும்பாலும் இறைவாக்கினர் எசாயாதான் வருவார். அந்த வரியோடு திருப்பூர் வரும்வரை சும்மா இருங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஓவர்டைம் பார்த்த உடம்பு.

கேள்வி: திருவருகை வளையத்தில் மூன்று மெழுகுவர்த்தி ஊதா, ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு. ஏன்?
- ஒரு வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: அது மூன்றாம் ஞாயிறுக்கு உரியது, மகிழ்ச்சி ஞாயிறு என்கிறோம். பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் "மகிழுங்கள்" என்று சொல்வதுதான் அன்றைய திருப்பலியைத் தொடங்கும் வருகைப் பல்லவி. ஊதா காத்திருப்புக்கும் மனமாற்றத்துக்கும் உரிய நிறம். பாதி வழி தாண்டிவிட்டோம் என்று அன்று கொஞ்சம் வெளுக்கிறது. வளையம் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அல்ல. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களைப் பராமரித்த விக்கர்ன் என்ற புரொட்டஸ்டன்ட் போதகர், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைப் பொருத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததால் என்று சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் தெருக் கோவிலில் மார்கழி முழுவதும் அதிகாலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கியில் திருப்பாவை. திருவருகைக் காலத்தில் அமைதியாகச் செபிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், அவினாசி

பதில்: இரவு பத்தரைக்கு டிரம்மோடு உங்கள் கரோல் குழு அதே தெருவில் போகும்போது அவர்கள் என்ன செய்தார்களோ, அதையே செய்யுங்கள். மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். நம் வழிபாட்டிலும் 17-ஆம் தேதியிலிருந்து கிறிஸ்துமஸுக்கான நேரடித் தயாரிப்பு தொடங்குகிறது. "விழிப்பாயிருங்கள்" என்று முதல் ஞாயிறே நமக்கு வாசித்தார்கள். அவர்கள் எழுந்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் போர்வைக்குள் இருந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.