மேலாளர் பயந்தது ஏன்?

கேள்வி: இந்த வருஷம் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. வருத்தத்தில் மேலாளருக்கு 'ஐ ஆம் டிஸில்யூஷன்ட்' என்று மெயில் அனுப்பினேன். அவரோ கூப்பிட்டு, 'வேலையை விடப்போறீங்களா?' என்கிறார். 'டிஸப்பாயின்டட்' என்பதையே கொஞ்சம் கனமாகச் சொன்னால் 'டிஸில்யூஷன்ட்', அவ்வளவுதானே?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அவர் கேட்டதில் தப்பே இல்லை, சகோதரி. இரண்டும் வேறு வேறு வலி.

1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 எடுத்து அவுட் ஆனபோது, தேவை 17 ரன். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலே ரன்னுக்குள் காலி. 12 ரன்னில் தோற்றோம். (அந்த நாலு ரன்னை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும்.) அது டிஸப்பாயின்ட்மென்ட். ஆனாலும் சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று, ஜெயித்த பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. வெற்றிதான் கை நழுவியது. ஆட்டத்தின் மேல் இருந்த பிரியம் அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரலில் டெல்லி போலீஸ், தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே மேல் சூதாட்டப் புகார் சொன்னது. முதலில் மறுத்தார். சில நாளிலேயே பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார், பதவி போனது. அப்புறம் யாராவது சுலபமான கேட்ச்சை விட்டால்கூட 'எவ்வளவு வாங்கினானோ' என்று டீக்கடையில் பேச்சு. ரசித்துப் பார்த்த பழைய மேட்ச்கள் மேலும் சந்தேகம். நம்பியதே பொய் என்று தெரியும்போது வரும் இந்தக் கசப்புக்குத்தான் டிஸில்யூஷன்ட். உள்ளேயே 'இல்யூஷன்' உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். நம் ஊரில் மாயை விலகினால் ஞானம் என்போம், இங்கிலீஷ்காரருக்குத் துக்கம்!

ஒரு தடவை உயர்வு தவறியதற்கு டிஸப்பாயின்டட் போதும். நீங்கள் எழுதியதைப் படித்தவர், 'இந்தக் கம்பெனியே வெறுத்துப்போச்சு' என்று புரிந்துகொண்டிருப்பார். இன்னொரு மெயில் போடுங்கள்: 'ஐ வாஸ் டிஸப்பாயின்டட் பை தி டெசிஷன்.' அவசரத்தில் 'டிஸப்பாயின்டட் இன் யூ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது, மார்க் குறைந்த பிள்ளையிடம் அப்பா சொல்வது. மேலாளரிடம் சொன்னால் அடுத்த வருஷ உயர்வும் சந்தேகம்தான்.