கேள்வி – பதில்: ‘டிக்’ ஒலியோடு நின்றுவிடும் செல்ஃப் ஸ்டார்ட்

கேள்வி: என் பழைய ஸ்கூட்டரில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே வருகிறது, கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். ஒலி வருவதால் பட்டனும், பிரேக் பிடித்தால்தான் செல்ஃபை இயங்கவிடும் பிரேக் சுவிட்சும் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள்: முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். பட்டனை அழுத்தும்போது அது 10-க்கும் வெகுவாகக் கீழே சரிந்தால் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சரியாமல் நின்றால், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஆனால் காசிமேடு கடலோரம் என்பதால் உங்கள் வண்டி உப்புக்காற்றில் நிற்பது. ஆகவே பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இஞ்சினில் முடுக்கிய எர்த் ஒயரின் முனையைக் கழற்றி, பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவிய பிறகே வேறு எதற்கும் செலவு செய்யுங்கள்.